அவனுக்குத் தந்த ஒரே ஒரு பாட்டு

கீரி, மன்னார்
12.03.2024

அன்பு மகள் பிறின்சிக்கு,

மாதாவின்ர காவலில எனக்கு ஒரு குறையும் இல்ல. நீயும் மருமகனும், பிள்ளையள் டினோஜாவும் ஜெனோஜனும் அந்தப் பனிக்குள்ள எப்பிடி இருக்கிறியள் எண்டு அறிய ஆவல்.

ரெலிபோனில நீ கத்துறது எனக்குத் தண்ணிக்குள்ள இருந்து கத்துற மாதிரிக் கேக்குது. வலக் காது செத்துப் போச்சு, இடக் காதும் போக மூட்டை கட்டிக்கொண்டு நிக்குது. அதால இனிக் கடிதம்தான். எழுதுறது முஹைதீன். தபால் கந்தோரில முப்பது வருசம் முத்திரை குத்தின கை. தொண்ணூறில முஸ்லிம் சனத்தை வெளியேத்த ஊரை விட்டுப் புத்தளம் போனவன், சண்டை முடிஞ்சு வந்து இப்ப மூர் வீதியில இருக்கிறான். கோவிலடியில படிச்ச ஆக்கள் இருக்க ஏன் அவ்வளவு தூரம் போறியள் எண்டு நீ கேப்பாய். எனக்கு அவன்தான் சரி. நான் சொல்லுறதை அப்பிடியே எழுதுவான், கேள்வி கேக்க மாட்டான். இதைச் சொல்ல அவன் சிரிக்கிறான். அதையும் எழுது எண்டனான்.

நீ போனது 2003 ஆவணி பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை. உன்ர இடக்கால் செருப்பு வார் அறுந்து, ஊசி குத்திக்கொண்டு போனனி. இருபத்தொரு வருசத்தில ரெண்டு தரம் வந்தனி. இந்த முறை மூண்டு கிழமை நிக்கப் போறாய் எண்டதும் உள் அறைக்கு வெள்ளை அடிச்சுப்போட்டன். பிள்ளையளுக்காகக் கக்கூசில கொமட்டும் வைச்சாச்சு. அதில இருந்து பாத்தனான். கதிரையில இருந்த மாதிரி இருக்கு, ஒரு அலுவலும் நடக்கேல்ல.

உடம்பைப் பாத்துக்கொள்.

உன்ர அப்பா சந்தியோகு
(சிலுவை போட்டிருக்கிறன்)

*

பேர்கன், நோர்வே
07.04.2024

பாசமுள்ள அப்பாவுக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துக்கள். நாங்கள் நால்வரும் நலம். உங்கள் காது பற்றி வாசித்துக் கவலைப்பட்டேன், கொமட் பற்றி வாசித்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். முஹைதீன் மாமாவுக்கு என் சலாம்.

20.07 அன்று வந்து இறங்குவோம். ஆனால் வீட்டில் இப்போதே சண்டை. தலைமன்னார்ப் பக்கம் வெள்ளைக்காரர் பட்டம் கட்டித் தண்ணியில் ஓடுகிற இடம் ஒன்று இருக்கிறதாம். அங்கே சனிக்கிழமை இரவில் பாட்டும் ஆட்டமும். டினோஜா போனில் கண்டுவிட்டாள். "விடுமுறைக்குத்தானே வாறம், ஒரு இரவு போனா என்ன" என்கிறாள். அவளுக்குப் பதினேழு. பதினைந்து வயது ஜெனோஜனும் அக்காவின் பின்னால். இவரும் "நான் கூட்டிக்கொண்டு போய் வெளியில இருக்கிறன், ஆடிப்போட்டு வரட்டும்" என்று அவர்களோடு சேர்ந்துவிட்டார்.

கோபத்தில், இவ்வளவு நாளும் சொல்லாத கதையைச் சொல்லிவிட்டேன். எட்மன் அண்ணா என்று எனக்கு ஒருவர் இருந்தவர், அப்பா போகாதே என்றும் கேளாமல் பாட்டுக் கோஷ்டி பார்க்கப் போனவர், திரும்பி வரவில்லை என்று. இரண்டு பேரும் எழும்பித் தங்கள் அறைக்குப் போய்விட்டார்கள்.

அப்பா, நீங்களும் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ. ஊருக்கே மூப்பராக இருந்து கோவிலைக் கட்டி ஆண்டனீங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். அண்ணாவைப் பற்றி நீங்கள் ஒரு நாளும் கதைத்ததில்லை. இந்த ஒரு தரம் கதையுங்கோ.

உங்கள் மகள்
பிறின்சி

*

கீரி
02.05.2024

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைச்சுது. தேக சுகத்துக்குக் குறைவில்ல. உங்களுக்கும் அப்பிடியே இருக்கச் செபிக்கிறன்.

சோழகம் தொடங்கிப் பேய்க்காத்து அடிக்குது. வாசலில காயவைச்ச கருவாட்டை ஒரு கழுதை மணந்து பாத்துட்டு முகத்தைச் சுழிச்சுக்கொண்டு போகுது. உப்புக் கூடிப்போச்சாக்கும். உள் அறை யன்னலுக்கு நுளம்பு வலை அடிச்சாச்சு. ஜெனோஜன் என்ன மீன் தின்னுவான்? முள்ளு இல்லாத பாரை வாங்கி வைக்கவோ? அம்மாவின்ர கல்லறைக்கும் வெள்ளை அடிச்சனான்.

நீ கேட்ட பிள்ளையளின்ர விசயம் பிறகு எழுதுறன். இண்டைக்கு முஹைதீனுக்குக் கண் நோகுதாம்.

அப்பா சந்தியோகு

*

பேர்கன்
19.05.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறீங்களா? கருவாடும் நுளம்பு வலையும் எழுதினீங்கள், கேட்டதை எழுதவில்லை. முஹைதீன் மாமாவின் கண் இப்போது சுகம்தானே?

இந்த முறை டினோஜா தானே உங்களுக்கு எழுதியிருக்கிறாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த தமிழ். நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை.

பிறின்சி

அன்புள்ள அம்மப்பா,

வணக்கம். நீங்கள் நலமா? நான் நலம். எனக்கு உங்களிடம் ஒரு கேள்வி. அம்மா சொன்னா, மாமா பாட்டு பார்க்கப் போனதால் இல்லாமல் போனார் என்று. நான் இரவு முழுக்க யோசித்தேன். பாட்டு ஒருவரையும் கொல்லாது. மாமா எப்படி இருப்பார்? அவருக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும்? அம்மாவிடம் ஒரு படம்தான் இருக்கிறது, அதிலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்.

நாங்கள் களவாகப் போக மாட்டோம். எங்கே போகிறோம், எத்தனை மணிக்கு வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனால், அதுவும் பிழையா?

முத்தங்கள்,
டினோஜா

*

கீரி
05.06.2024

அன்புப் பேத்தி டினோஜாவுக்கு,

அம்மப்பா சுகம். நீயும் தம்பியும் நல்லாயிருக்க வேணும். உன்ர கடிதத்தை முஹைதீன் அப்பா என்ர காதுக்குள்ள நாலு தரம் வாசிச்சவர். நாலாந் தரம் அவரே நிப்பாட்டிப்போட்டு மூக்கைச் சீறினவர்.

உன்ர மாமா குழப்படிக்காரன் இல்ல. நல்ல உயரம், அதால கூனி நடப்பான். படம் எடுக்கிற நேரம் பாத்துத்தான் கண் சிமிட்டுவான், அது அவனுக்கு ஒரு வியாதி. முள்ளு எடுத்துக் குடுத்தாத்தான் மீன் தின்னுவான், மீன்பிடிகாரன்ர மகன்! உன்ர அம்மாவைச் "சின்னக் கிழவி" எண்டு கூப்பிட்டு அடி வாங்குவான். அண்டைக்கு நீலத்தில வெள்ளைக் கோடு போட்ட சேட்டு. தலைக்கு எண்ணெய் வைச்சு, கூடிப்போச்செண்டு சவுக்காரம் போட்டுக் கழுவி, பிறகும் வைச்சவன். அவனுக்குக் கோஷ்டிக்காரர் தந்தது ஒரே ஒரு பாட்டு. அதுக்கு இவ்வளவு ஆயத்தம்.

நீ கேட்ட கேள்விக்கு நேரில வந்தாப்பிறகு மறுமொழி சொல்லுறன்.

ஆசீர்வாதத்தோட
அம்மப்பா

*

பேர்கன்
20.06.2024

அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

டினோஜாவுக்கு நீங்கள் எழுதியதை மூன்று நாளாக வாசிக்கிறேன். அண்ணா கோஷ்டி பார்க்கப் போனவர் என்றுதான் எங்களுக்குப் பிறகு தெரிய வந்தது. பாடப் போனவர் என்று அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அன்று மத்தியானம் நானும் அம்மாவும் சந்தையில். சித்தப்பா வீட்டில் வலை பொத்தப் போகிறேன் என்று காலையில் சொன்னவர். என்ன சேட்டுப் போட்டுக்கொண்டு போனார் என்று நாங்கள் காணவில்லை.

அவருக்கு ஒரு பாட்டுத் தந்தார்கள் என்று உங்களுக்கு ஆர் சொன்னது?

பிறின்சி

*

கீரி
08.07.2024

மகள் பிறின்சிக்கு,

சுகம் விசாரிக்கிற கடிதம் இல்ல இது.

எழுத்துத் தெரியாதவனுக்கு ஒளிச்சு வைக்கிற கடிதம் இல்ல, மகள். உனக்குச் சொல்ல வேணுமெண்டா முதல் இன்னொருத்தனுக்குச் சொல்ல வேணும். கோவிலடி ஆக்களிட்ட எழுதக் குடுக்காததும் அதாலதான். அண்டைக்கு அந்தக் கோவில் வளவுக்குள்ள நிக்காதவன் முஹைதீன் ஒருத்தன்தான். அவன்ர வாசல் வரைக்கும் மூண்டு நாள் வந்து, தேத்தண்ணி குடிச்சுப்போட்டுத் திரும்பினன். இண்டைக்குச் சொல்லுறன்.

98ஆம் ஆண்டு ஆனி பதின்மூண்டு, சனிக்கிழமை, அந்தோனியார் பெருநாள். பேசாலைப் பக்கம் மேடை போட்டுப் பாட்டுக் கோஷ்டி. எட்டு மணியோட முடியும். பிறகு ஆமி பாதையைப் பூட்டிப்போடும், அங்கேயே படுத்து விடியத்தான் வரலாம். காலம் சரியில்ல, எங்கட பிள்ளையள் ஒண்டும் போகக்கூடாது எண்டு மூப்பர் நான்தான் கோவிலில சொன்னனான். தாய் தேப்பனைக் கூப்பிட்டுச் சிலுவையை முத்திசெய்ய வைச்சுச் சத்தியம் வாங்கினனான். லூர்தம்மாவின்ர பெடியன் அழுது புரண்டவன். நான் இரங்கேல்ல.

நீங்கள் சந்தைக்குப் போனாப்பிறகு எட்மன் வந்து என்ர காலடியில குந்தினவன். "அப்பா, பாட எனக்கு ஒரே ஒரு பாட்டுத் தந்திருக்கினம்" எண்டான். முகத்தைப் பாத்தன், மாட்டன் எண்டு சொல்ல ஏலாமப் போச்சு. "அம்மாட்டச் சொன்ன மாதிரியே இருக்கட்டும். ஒருத்தருக்கும் சொல்லாத. முதல் பஸ்ஸில வந்திடு" எண்டு நானே பஸ்சடியில கொண்டுபோய் விட்டனான்.

விடியச் சுற்றிவளைப்பு. முழு ஊரையும் கோவில் வளவுக்குள்ள நிப்பாட்டினவங்கள். நீ அம்மாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனி. வீட்டு அட்டையில நாலு பேர், நிண்டது மூண்டு பேர். எனக்கு முதல் நிண்ட அந்தோனிப்பிள்ளை, மகன் வங்காலையில மச்சான் வீட்ட எண்டான். பத்து மணிக்குள்ள கொண்டுவந்து காட்டு எண்டு விட்டவங்கள். பிறகு என்னட்டக் கேட்டவங்கள், மகன் எங்க எண்டு.

சித்தப்பா வீட்ட எண்டு சொல்ல ஏலாது. சித்தப்பா எனக்குப் பக்கத்தில நிண்டவர். பேசாலை எண்டு சொல்லியிருக்கலாம். சத்தியம் வாங்கின சனம் முழுக்க என்ர வாயைப் பாத்துக்கொண்டு நிண்டுது.

தெரியாது எண்டன்.

அந்த நாளில எங்க போனான் எண்டு தேப்பனுக்கே தெரியாத பெடியன் எண்டா, இயக்கத்துக்குப் போட்டான் எண்டதைத் தவிர அவங்கள் வேற என்னத்தை நினைப்பாங்கள்? பேரைச் சுத்திக் கோடு போட்டவங்கள். ஏழு மணி பஸ்ஸால இறங்கினவனை, பேர் கேட்டு ட்றக்கில ஏத்தினவங்கள்.

"அப்பன்ர சொல்லைக் கேட்டிருந்தா என்ர பிள்ளை இருந்திருப்பான்" எண்டு உன்ர அம்மா றஞ்சிதம் சாகுமட்டும் சொன்னவள். பதினெட்டு வருசம். நான் பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டிருந்தனான். அவன் சொல்லுக் கேட்டவன், மகள்.

இதை வாசிச்சுப்போட்டு வாறதும் வராததும் உன்ர விருப்பம்.

சந்தியோகு

மகள், இது முஹைதீன். எக்ஸ்பிரஸ் முத்திரை ஒட்டி இன்றே போடுகிறேன். ஆனாலும் நீங்கள் புறப்படுமுன் வந்து சேருமோ தெரியாது. அதை உங்கள் வாப்பாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

*

கீரி
14.08.2024

அன்பு மகளுக்கு,

பயணம் சுகமாப் போய்ச் சேர்ந்தியளோ? பிள்ளையளுக்கு இங்கத்தத் தண்ணி ஒத்துக்கொண்டுதோ?

மூண்டு கிழமை எண்டு வந்து பதினெட்டு நாளில போட்டாய். கொழும்பு வரைக்கும் வாறன் எண்டதுக்கும் வேண்டாம் எண்டாய். வந்த நாளில இருந்து நீ ஒண்டும் கேக்கேல்ல. எனக்குச் சோறு போட்டாய், நகம் வெட்டி விட்டாய். வாசிச்சுப்போட்டும் பிள்ளை சோறு போடுது, மன்னிச்சிட்டாளாக்கும் எண்டு நினைச்சு நானும் வாய் திறக்கேல்ல. அந்த நினைப்பிலதான் நீ மடு மாதா கோவிலுக்குப் போன சனிக்கிழமை, பிள்ளையளை ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு மருமகனிட்டச் சொன்னனான். போற நேரம் டினோஜா என்ர உள்ளங்கையில விரலால எழுதிக் காட்டினவள், காலமை எட்டு மணிக்கு வருவம் எண்டு. எட்டு எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் கோவில் வளவுக்குள்ள நான் சொன்னதுக்கு உனக்குக் கோபம். நாலு நாள் முகம் குடுக்கேல்ல. எனக்கு விளங்கேல்ல மகள். எல்லாம் தெரிஞ்ச நீ ஏன் கோவிச்சனி?

இப்பதான் முஹைதீன் சொல்லுறான், அந்தக் கடிதம் உன்ர கைக்கு வராமலும் இருந்திருக்கலாம் எண்டு.

அப்பா

*

பேர்கன்
29.09.2024

அப்பா,

சுகமாக இருக்கிறீங்களா? மருந்தை நேரத்துக்குக் குடிக்கிறீங்களா?

வீட்டுக் கதவைத் திறக்க, தபால் பெட்டிக்குள் உங்கள் 08.07 கடிதம் இருந்தது. சப்பாத்தைக் கழற்றாமல் படியில் இருந்தே வாசித்தேன். பதில் எழுத ஏழு கிழமை எடுத்திருக்கிறேன். எழுதிக் கிழித்தது எத்தனை என்று எனக்கே தெரியாது.

நான் ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீங்கள். எப்படிக் கேட்பது? உங்களிடம் கேட்பதென்றால் கத்திக் கேட்க வேண்டும். பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு எல்லாம் கேட்கும். நீங்களாகச் சொல்வீங்கள் என்று ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு நகம் வெட்டினேன். மடுவால் இரவு திரும்பி வந்து அறிந்தபோது, சொல்ல மாட்டாராம், பிள்ளைகளை மட்டும் ஆட அனுப்புவாராம் என்று கொதித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வளவுக்குள் நிற்கும்போது லூர்தம்மா மாமி கேட்டா, "பேரப்பிள்ளையள் எங்க, காணேல்ல?" என்று. "தலையிடி, வீட்ட படுத்திருக்குதுகள்" என்றேன். என் வாயைப் பார்த்தே நீங்கள் விளங்கிக்கொண்டீங்கள் போல. அவ்வளவு சனத்துக்கு நடுவில், அந்தப் பெரிய சத்தத்தில், "வீட்ட இல்ல. தலைமன்னாருக்கு ஆட்டத்துக்குப் போட்டுதுகள். நான்தான் அனுப்பினனான். எட்டு மணிக்கு வருங்கள்" என்றீங்கள். எனக்கு மண்ணுக்குள் போகலாம் போல இருந்தது. கிழவருக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அதே வளவுக்குள், அதே வெட்கத்துக்காக, நானும் பொய் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் பிள்ளைகள் எட்டு மணிக்கு வந்து, காலில் மண்ணோடு இடியப்பம் சாப்பிட்டார்கள். அதற்காக ஆருக்கு நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என் பங்கை நான் எப்போதாவது மன்னிப்பேன் அப்பா, இப்போது முடியவில்லை. அம்மாவின் பங்கை என்னால் மன்னிக்க ஏலாது. அம்மா தன் பிள்ளையைக் கோவித்துக்கொண்டே செத்தவ. கல்லறைத் திருநாளுக்குப் போய் அம்மாவிடம் சொல்லுங்கோ. மனதுக்குள் இல்லை. சனம் நிற்கும்போது, கேட்கச் சொல்லுங்கோ.

டினோஜா இன்னும் கேட்கிறாள், மாமாவுக்குத் தந்தது என்ன பாட்டு என்று.

பிறின்சி

*

கீரி
03.11.2024

அன்பு மகள் பிறின்சிக்கு,

நான் இருக்கிறன். நீங்கள் நாலு பேரும் சுகமா இருக்க வேணும். மருந்து குடிக்கிறன்.

உன்ர கடிதம் எனக்கு இப்ப பாடம். நேத்து பின்னேரம் கல்லறைக்குப் போனன். முஹைதீன் வெளி வாசலில நிக்கிறன் எண்டவன், கையைப் பிடிச்சு உள்ளுக்கு இழுத்துக்கொண்டு போனன். முழு ஊரும் மெழுகுதிரியோட நிண்டுது. பாதர் மந்திரிச்சுத் தண்ணி தெளிச்சு முடிய, அம்மாவின்ர தலைமாட்டில நிண்டு சொன்னன். "றஞ்சிதம், எட்மன் என்ர சொல்லைத் தட்டேல்ல. நான்தான் அனுப்பினனான். எங்க எண்டு கேக்க நான்தான் தெரியாது எண்டனான்." என்ர சத்தம் எனக்குக் கேக்காது, அதால எவ்வளவு பெரிசாச் சொன்னன் எண்டு தெரியாது. சனம் திரும்பிப் பாத்தது தெரிஞ்சுது.

ஒருத்தரும் கிட்ட வரேல்ல. பிறகு லூர்தம்மா மட்டும் வந்தவ. வாய் அசைஞ்சுது. முஹைதீன்தான் காதுக்குள்ள திருப்பிச் சொன்னவன். "எங்களுக்கு அண்டைக்கே தெரியும் மூப்பர். நீங்கள் பஸ்சடியில கொண்டுபோய் விட்டதை நான் கிணத்தடியில நிண்டு கண்டனான். என்ர பிள்ளையை மறிச்சுப்போட்டுத் தன்ர பிள்ளையை விடுறார், ஆமி கேக்கட்டும், இவரே வாய் திறந்து சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். நானும்தான் சொல்லேல்ல."

அவ்வளவுதான். அம்மாவின்ர திரி காத்துக்கு நூந்து போயிருந்தது. லூர்தம்மா தன்ர திரியில பிடிச்சு அதைக் கொளுத்திப்போட்டுப் போட்டா.

டினோஜாவுக்குச் சொல்லு, சொல்லிப்போட்டுப் போறது பிழையோ எண்டு அவள் கேட்டதுக்கு, உன்ர மாமாவும் சொல்லிப்போட்டுத்தான் போனவர் எண்டு.

மற்றது, அந்தப் பாட்டு. 98 ஆனி பதின்மூண்டு, பின்னேரம் மூண்டே கால். பஸ் வரக் காணேல்ல. அவனுக்கு நிக்க ஏலேல்ல. "அப்பா, ஒருக்காப் பாடிக் காட்டவோ?" எண்டு கேட்டவன். றோட்டில சனம் நிக்குது, வந்தாப்பிறகு வீட்ட பாடு எண்டனான். அவன்ர சேட்டில எத்தின பொத்தான் எண்டு எனக்கு ஞாபகம். பஸ்ஸின்ர பின் கண்ணாடியில வெடிப்பு இருந்தது ஞாபகம்.

என்ன பாட்டெண்டு தெரியாது, மகள். இந்த முறை உண்மையாவே தெரியாது.

உன்ர அப்பா
(சிலுவை போட்டிருக்கிறன்)